குளியலறைக்குள் மழை

தோட்டத்து லயங்களின் வீட்டுப் பிரச்சினையைப் பற்றிப் பேசக் கொழும்பு நட்சத்திர ஹோட்டலைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்று யாரோ எப்போதோ முடிவு செய்திருக்கிறார்கள். லயத்திலேயே பேசலாமே என்றால், அங்கே படம் காட்ட ஒழுங்கான சுவர் இல்லை. சுவர் இருந்தாலும் மழைக்காலத்தில் படம் நனைந்துவிடும். அதனால் கேகாலை மாவட்டத்துத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே படிப்பித்துக்கொண்டிருக்கிற நான், 'வளவாளர்' என்ற பட்டத்தோடு கொழும்புக்கு அழைக்கப்பட்டேன். பஸ் காசு, சாப்பாடு, ஓர் இரவு தங்க அறை எல்லாம் அவர்கள் பொறுப்பு.

"ஹோட்டல்ல தங்கப்போறேன்" என்றதும் அம்மாவுக்குக் கவலை வந்துவிட்டது. எட்டியாந்தோட்டை டவுனில் அம்மாவுக்குத் தெரிந்த ஹோட்டலில் பராட்டாவும் பருப்பும் கிடைக்கும். இருட்டியதும் கதிரைகளை மேசைமேல் கவிழ்த்துவிட்டுக் கூட்டுவார்கள். "எங்கடா படுப்ப, கல்லாப்பெட்டிக்குக் கீழயா?" என்று கேட்டுவிட்டு, பையில் ஒரு போர்வையைத் திணித்தார்.

ஹோட்டல் வாசலில் நின்ற பாதுகாவலர் என் முச்சக்கரவண்டியைப் பார்த்தார், போர்வை துருத்திக்கொண்டிருந்த பையைப் பார்த்தார், சரக்கு இறக்கும் பக்கத்தைக் கைகாட்டினார். அழைப்புக் கடிதத்தைக் காட்டியதும் ஒரு சல்யூட் அடித்தார். நானும் திருப்பி அடித்தேன். துரையின் வாகனம் வந்தால் தலைத்துண்டைக் கழற்றிக்கொண்டு ரோட்டோரம் இறங்கி நின்ற பரம்பரை. சல்யூட்டை வாங்கி வைத்துக்கொள்ளப் பழக்கமில்லை.

கொழும்பில் ஹோட்டல் வாசலுக்கென்றே ஒரு பெருமை உண்டு. 1864இல் தொடங்கிய கோல்ஃபேஸ் ஹோட்டலில் சாத்துக்குட்டன் என்ற கேரளத்துக்காரர் 1942இல் வேலைக்குச் சேர்ந்தார். வெள்ளை உடுப்பும் வெள்ளை மீசையுமாக, வருகிறவர்களை வரவேற்றே புகழ் பெற்று, எழுபது வருசத்துக்கு மேல் அங்கே இருந்து 2014இல் காலமானார். எங்கள் பாட்டன்மாரும் அதே கடலைத் தாண்டித்தான் வந்தார்கள். அவரை வாசலில் நிறுத்தினார்கள், எங்களை மலைக்கு ஏற்றினார்கள். அவரைப் படம் பிடிக்க வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். எங்களையும் பிடிக்கிறார்கள், கூடையோடு மட்டும்.

வரவேற்பு மேசையில் அடையாள அட்டை கேட்டார்கள், சரி. பிறகு கடன் அட்டை கேட்டார்கள். எதற்கென்றால், வைப்புப் பணமாம். விருந்தாளியை வாசலில் நிறுத்தி அடமானம் வாங்குகிற வழக்கம் லயத்தில் இல்லை. ஏற்பாட்டாளர் வந்து என்னை மீட்டுக்கொண்டு போனார்.

அறையில் ஓர் ஆளுக்கு நாலு தலையணை. மெத்தை இயற்கை ரப்பர் பாலில் செய்தது என்று ஓர் அட்டை பெருமையாகச் சொன்னது. என் அப்பா பால்வெட்டுக்காரர். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்பதால் விடியுமுன்னே மலையேறி, மரம் மரமாகப் பட்டையைச் சீவிச் சிரட்டை வைத்துவிட்டு வருவார். இத்தனை வருசம் சிரட்டை சிரட்டையாய்ச் சேர்த்த பால் எங்கே போயிற்று என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. படுத்தேன், புதைந்தேன், எழுந்து அம்மாவின் போர்வையைத் தரைவிரிப்பில் விரித்தேன்.

உண்மையான அதிர்ச்சி குளியலறையில். கூரையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு குழாய். திருகினால் மழை போலவே கொட்டும். கேகாலைக்காரனுக்குக் காட்டுகிற அதிசயமா இது? கொழுந்துக்குப் போகிறவர்கள் நனையாமலிருக்கப் படங்கைச் சுற்றிக்கொள்வார்கள். பால்வெட்டுக்கோ படங்கும் உதவாது: பட்டை நனைந்தால் பால் கண்டபடி வழிந்துவிடும், அன்றைக்கு வெட்டு கிடையாது, வெட்டு இல்லையென்றால் பேரும் கிடையாது, அதாவது அன்றைய சம்பளம் கிடையாது. அந்த மழையைக் காசு கொடுத்து உள்ளே கூப்பிட்டுத் தலையில் வாங்குகிறார்கள். அப்பா பார்த்திருந்தால் குழாயை மூடிவிட்டு, "இன்னைக்கும் பேர் போச்சு" என்றிருப்பார்.

தேநீர் அருந்தலாமென்று விலைப்பட்டியலைத் திறந்தேன். ஒரு கேத்தல் தேநீரின் விலை அம்மாவின் அப்போதைய நாள் சம்பளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அந்தச் சம்பளம் 1,000 ரூபாயிலிருந்து 1,350 ஆனதே 2024 செப்டெம்பரில்தான், அதுவும் எத்தனையோ இழுபறிக்குப் பிறகு. தேநீர் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி வேறு: சேவைக் கட்டணம் 10 வீதம், பெறுமதி சேர் வரி 18 வீதம். அம்மா ஒரு நாளில் பறிக்கிற பதினெட்டுக் கிலோ கொழுந்து, காய்ந்து ஏறக்குறைய நாலு கிலோத் தேயிலையாகும். இரண்டு கிராம் பைகளாகக் கட்டினால் கிட்டத்தட்ட 2,000 பை. கேத்தலுக்கு இரண்டு பை போட்டாலும்... கணக்கை அங்கேயே நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

காலையில் அறை துப்புரவாக்க ஒரு தம்பி வந்தான். சிங்களத்தில்தான் பேசினான், வரிக்கு இரண்டு 'சேர்'. அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன். அம்மாவுக்குக் காது மந்தம், கத்தித்தான் பேச வேண்டும். "ரொட்டி சாப்டீங்களா? சம்பல் அரைச்சீங்களா?" என்று நான் கத்தி முடித்ததும், அவன் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "எந்தத் தோட்டம்ணே?" என்றான். அவன் தெஹியோவிட்டப் பக்கம். ஐந்தே நிமிடத்தில் அவனுடைய சின்னம்மா என் பெரியப்பா மகனுக்குக் கொழுந்தியாள் முறை என்று கண்டுபிடித்துவிட்டோம்.

அதோடு 'சேர்' ஒழிந்தது, ஏச்சுத் தொடங்கியது. "கட்டில நீங்க ஏண்ணே ஒழுங்குபண்ணுனீங்க? நான் வேல செய்யலன்னு சுப்பவைசர் நெனப்பாரு." நன்றாக விரித்திருந்த விரிப்பை உருவி, மறுபடி விரித்தான். "அந்தக் குட்டி பிரிஜ்ஜத் தொறந்தீங்களா? அதுல ஒன்னையும் தொட்றாதீங்க, எல்லாம் எண்ணிக்கை."

கூட்டத்தில் ஓர் அதிகாரி லயத்துக் காம்பரா 10 அடிக்கு 12 அடி என்று திரையில் காட்டினார். சபை உச்சுக் கொட்டியது. எனக்கு என் குளியலறை ஞாபகம் வந்தது. இரண்டுக்கும் அதிகம் வித்தியாசமில்லை, லயத்தில் மழை கேட்காமலே வரும். லயத்துக் குடும்பங்களுக்கு வீடு கட்ட ஏழு பேர்ச் காணி கொடுப்பது பற்றிய விவாதம் சாப்பாட்டு மணியடித்ததும் ஒருமனதாக ஒத்திவைக்கப்பட்டது. சாப்பாட்டு மண்டபத்தில் முப்பது வகை இருந்தும், கூட்டம் மொய்த்தது ஓலைக்கூரை போட்ட ஒரு மூலையில். அங்கே ரொட்டியும் கட்டச்சம்பலும் கொடுத்தார்கள். நான் எட்ட நின்று கேக் சாப்பிட்டேன்.

புறப்படும்போது தம்பி பையைத் தூக்கிக்கொண்டு லிப்ட்வரை வந்தான்.

"தீவாளிக்கு வீட்டுப் பக்கம் வாங்கண்ணே. ராவு தங்கிட்டுப் போகலாம்."

"எத்தன பேரு வீட்ல?"

"எட்டுப் பேரு. கட்டில் ஒங்களுக்குத்தான்."

"அப்ப அப்பா?"

"இஸ்தோப்புல படுப்பாரு. விருந்தாளி வந்தா அவருக்குச் சந்தோசம்ணே. உள்ள படுத்தா விடிய விடிய அம்மா பேச்சக் கேக்கணும்ல."