கதவு மூடினால் கொள்ளும்

வாஷிங் மெஷினின் நெற்றியில் '8 கிலோ' என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை வெகுகாலம் அப்படியே நம்பியவன் நான். எட்டுக் கிலோ என்றால் எட்டுக் கிலோ. சட்டையானால் சட்டை, ஜமக்காளமானால் ஜமக்காளம். சந்தேகம் வந்தால் கதவைத் தள்ளிப் பார்ப்பேன். முழங்காலை முட்டுக்கொடுத்தாவது கதவு மூடிக்கொண்டால் சாமான் கொள்ளளவுக்குள் இருக்கிறது என்று பொருள். இந்த விதியை எந்தக் கையேட்டிலும் பார்க்கவில்லை, நானே வகுத்தது. கையேடு அப்போது உறை பிரிக்காமல் பரணில் கிடந்தது.

அந்த எட்டுக் கிலோ, காய்ந்த துணியின் எடை. அதுவும் காட்டன் புரோகிராமுக்கு மட்டும். சிந்தெடிக் என்றால் ஏறத்தாழ பாதி, கம்பளி என்றால் இரண்டு கிலோ அளவில் நின்றுவிடும். ஃப்ரண்ட் லோடு மெஷினில் துணி மேலே போய்த் தொப்பென்று கீழே விழுவதுதான் துவைப்பு. நம் ஊர்க் கல்லில் அடிக்கிற வேலையை அந்த விழுதல் செய்கிறது. மேலே இடமில்லாமல் அடைத்துவிட்டால் துணி விழாது, டிரம்மோடு ஒட்டிக்கொண்டு சுற்றும். ஒன்றரை மணி நேரம் கழித்து நனைந்த அழுக்காக வெளியே வரும். இவ்வளவையும் நான் மூச்சு விடாமல் ஒப்பிப்பதைக் கேட்டுவிட்டுப் படித்த மனிதர் என்று எண்ணிவிட வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் எங்கள் வீட்டில் ஒரு சாமான் பலியாகியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது கஞ்சத்தனம். தெருமுனை லாண்டரியில் ரஜாய்க்குக் கேட்ட கூலியைக் கேட்டதும், அந்தப் பணத்துக்கு எத்தனை லிட்டர் லிக்விட் வாங்கலாம் என்று மனம் கணக்குப் போட்டது. வீட்டில் முப்பதாயிரம் ரூபாய் மெஷினை வைத்துக்கொண்டு வெளியில் துவைக்கக் கொடுப்பது அவமானம் இல்லையா? ரஜாயைத் திணித்தேன். வெளியே வந்தபோது உள்ளே இருந்த பஞ்சு முழுக்க ஒரு மூலைக்குக் குடிபெயர்ந்திருந்தது. அதற்கப்புறம் அதைப் போர்த்திக்கொள்பவருக்குக் கால் மட்டும் வேர்க்கும்.

ஆனால் ஜமக்காளத்துக்கு முன்னால் ரஜாய் ஒன்றுமே இல்லை.

அது பவானி ஜமக்காளம். புவிசார் குறியீடு பெற்ற சரக்கு, தடித்த பருத்தி நூலில் பட்டை பட்டையாகச் சிவப்பும் பச்சையும் ஓடும். எங்கள் கல்யாணத்துக்கு அம்மா வாங்கிக்கொடுத்தது. பஞ்சாயத்துப் பேச வந்தவர்களிலிருந்து பூஜைக்கு வந்தவர்கள்வரை உட்கார்ந்து எழுந்ததில் அதன் நிறங்கள் எல்லாம் ஒரே நிறமாகியிருந்தன. தூக்கி நிறுத்துப் பார்த்தேன், நான்கு கிலோவுக்குச் சற்று மேல். மெஷினின் கொள்ளளவில் பாதிதானே! கூடவே ஒரு வெள்ளைத் துண்டையும் போட்டேன், இடம் வீணாகக் கூடாதென்று.

பருத்தி தன் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் தண்ணீர் குடிக்கும். நான்கு கிலோவாக உள்ளே போனது பன்னிரண்டு கிலோவாக உட்கார்ந்துகொண்டது. அதே பன்னிரண்டு கிலோ பல சட்டைகளாக இருந்தால் டிரம்மின் உட்சுவரைச் சுற்றிலும் பரவிக்கொள்ளும். ஒரே ஜமக்காளம் எங்கே பரவும்? சுருண்டு ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டது. மெஷின் ஸ்பின் போடப் பார்த்தது, தடதடவென்றது, நிறுத்தியது. இந்தப் பக்கம் மெதுவாக நாலு சுற்று, அந்தப் பக்கம் நாலு சுற்று, உதறிப் பரப்ப முயற்சி. மறுபடி ஸ்பின், மறுபடி தடதட. மீதம் 9 நிமிடம் என்று காட்டிய திரை, நான் காபி குடித்து, பேப்பர் படித்து, பக்கத்து வீட்டுக் கதையெல்லாம் கேட்டுவிட்டு வந்தபோதும் 9 என்றே காட்டியது. கடைசியில் கை விரித்து, திரையில் இரண்டு ஆங்கில எழுத்துகளைக் காட்டிவிட்டு நின்றது. உள்ளே பாரம் சமமாக இல்லை என்று அதற்கு அர்த்தமாம்.

மனைவி சொன்னாள்: "என்னங்க, அதுவே முடியலன்னு சொல்லுது. எடுத்துருங்க."

ஒரு மெஷின் முடியாது என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்வதா? ஸ்பின் மட்டும் என்ற பொத்தானை அழுத்தினேன். வேகம் 1200. இந்த முறை எப்படியோ கொஞ்சம் பரவிக்கொண்டதுபோலும், துணிந்து கிளம்பியது. கிளம்பியது என்றால் நிஜமாகவே கிளம்பியது. டைல்ஸ் தரையில் சமையலறை வாசலை நோக்கி நடந்தது. பின்னால் தண்ணீர்க் குழாய் இழுபட, முன்னால் நான் இரண்டு கையாலும் தடுக்க, அது விடாமல் வந்தது. அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. என் எடை 78 கிலோ. ஏறி மேலே உட்கார்ந்தேன்.

பிறகு ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 1200 முறை சுற்றினால், அதன் சுவரில் ஒட்டியிருக்கும் துணி பூமியின் ஈர்ப்பைப்போல் ஏறத்தாழ 380 மடங்கு விசையோடு அழுத்தும். துணியிலிருந்து தண்ணீர் பிரிவது இதனால்தான். அன்று அந்த வேகத்தை எட்டவே இல்லை, 400 சுற்று இருந்தால் அதிகம். அதிலேயே 40 மடங்குக்கு மேல் வருகிறது. இரண்டு கிலோ ஒரு பக்கமாக ஒதுங்கினாலே போதும், என்னைவிடக் கனமான ஆள் ஒருவன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை டிரம்மை உதைப்பதற்குச் சமம். இதற்காகத்தான் மெஷின் செய்பவர்கள் உள்ளே ஸ்பிரிங்கும் டேம்பரும் வைத்து, கான்கிரீட் கட்டிகளையும் பாரமாகப் பொருத்தியிருக்கிறார்கள். நான் அவற்றோடு என்னையும் ஒரு கட்டியாகச் சேர்த்திருந்தேன். பற்கள் ஒன்றோடொன்று இடிக்க நான் உட்கார்ந்திருந்த கோலத்தை மகன் வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டான். ஒரு நிமிடத்துக்குள் ஈரோட்டிலிருந்து அம்மாவின் போன்.

"ஏங் கண்ணு, ஜமக்காளத்தையா மிசினுக்குள்ள திணிச்ச?"

"ஆமாம்மா."

"அது வாய்க்கால்ல அலசற சாமானப்பா. நானும் உங்க சித்தியும் ரெண்டு முனையப் புடிச்சு முறுக்குனா சொட்டுத் தண்ணி நிக்காது. உங்கூட்டு மிசினுக்குக் கை எத்தன?"

வெள்ளைத் துண்டு இளஞ்சிவப்பாக வெளியே வந்தது. ஜமக்காளத்தைத் தண்ணீர் சொட்டச் சொட்ட மூன்று மாடி ஏற்றினோம். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் போட்டதில் கீழ்வீட்டு ஜன்னலெல்லாம் சிவப்பாக வடிந்தது.

இத்தோடு திருந்தியிருக்கலாம். கோடையில் தலையணைகள் கண்ணில் பட்டன. போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து வந்த இலவம் பஞ்சு, எண்ணெய்த் தலைகள் பல கண்டவை. தலையணைகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் தூசிச் செள்ளுகள் சாகும் என்று எங்கோ படித்திருந்தேன். படித்தது சரிதான். எந்தத் தலையணை என்பதைத்தான் படிக்காமல் விட்டிருக்கிறேன். இலவம் பஞ்சின் இழை உள்ளே காற்றடைத்த குழல், மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீர் சுலபத்தில் ஒட்டாது. இந்தக் குணத்துக்காகவே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பல்காரர்களின் உயிர்காப்பு உடைகளில் இந்தப் பஞ்சை அடைத்தார்கள். மாலுமியை மூழ்கவிடாத பஞ்சு என் தலையணையை மட்டும் மூழ்கவிடுமா? கண்ணாடிக் கதவு வழியே பார்த்தால், உறை நனைந்து, உள்ளே காய்ந்து, தலையணைகள் தண்ணீரின் மேல் புரண்டுகொண்டிருந்தன. சரி, இன்னும் கொஞ்சம் லிக்விட் ஊற்றுவோம். சோப்பு சேரச் சேர மெழுகின் பிடிவாதம் தளர்ந்தது, பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஏற்றிக்கொண்டது, ஸ்பின்னில் ஒரு தலையணையின் தையல் விட்டது. கதவைத் திறந்தபோது நான் இலவு காத்த கிளியேதான். பஞ்சு வெடித்திருந்தது. மிச்சம் பிழைத்த தலையணை வெயிலில் வெளியே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருந்து, கடைசியில் மாட்டுத் தொழுவ வாசனையோடு குப்பைக்குப் போனது.

கால்மிதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடியில் ரப்பர் ஒட்டிய ரகம், வெந்நீர் பட்டதும் ரப்பர் செதில் செதிலாக உதிர்ந்தது. திரைச்சீலையின் இரும்பு வளையங்கள் கண்ணாடியில் மோதிய சத்தத்துக்கு எதிர்வீட்டு நாய் ஊளையிட்டது. ரஜாய் உறையின் ஜிப்பைப் போடாமல் விட்டால் அது மற்ற துணிகளையெல்லாம் விழுங்கிக்கொண்டு உருண்டையாகத் திரும்பி வரும், உள்ளே என் காலுறைகள் காய்ந்த அழுக்கோடு பத்திரமாக இருக்கும்.

மெத்தைக்கு மேல் போடும் தண்ணீர் புகாத விரிப்பைப் பற்றி மட்டும் விளையாட்டாகச் சொல்ல மனம் வரவில்லை. தண்ணீர் உள்ளே போகாத துணியிலிருந்து தண்ணீர் வெளியேயும் போகாது. மடிப்புக்குள் பை போலத் தேங்கி, வேகம் பிடிக்கும் நேரத்தில் திடீரென்று ஒரு பக்கம் சாயும். 2016 நவம்பரில் அமெரிக்காவில் சாம்சங் நிறுவனத்தின் சுமார் 28 லட்சம் டாப் லோடு மெஷின்கள் திரும்பப் பெறப்பட்டன. படுக்கை விரிப்பு, பருத்த சாமான், தண்ணீர் ஒட்டாத துணி ஆகியவற்றை வேகமாகச் சுற்றும்போது மேல்மூடி பெயர்ந்து வரக்கூடும் என்பதே காரணம். இதைப் படித்த அன்றிரவு எங்கள் விரிப்பை மெஷினிலிருந்து துவைக்காமலே வெளியே எடுத்தேன். என் வாழ்க்கையில் நான் நேரத்தோடு பின்வாங்கிய ஒரே சந்தர்ப்பம் அது.

பஞ்சும் ரப்பரும் சேர்ந்து தண்ணீர் வெளியேறாமல் அடைத்துக்கொண்டபோது மெக்கானிக் வந்தார். வருவதற்கு முன்பே நானாகச் சரிசெய்து காட்டவேண்டும் என்று, கீழ்மூலையில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து பில்டரைத் திருகியிருந்தேன். பக்கத்திலேயே இருக்கும் குட்டிக் குழாய் வழியாகத் தண்ணீரை முதலில் வடிக்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கிறதாம். டிரம்மில் தேங்கியிருந்தது அத்தனையும் சமையலறைக்குள் வந்தது. அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றி, பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, தண்ணீருக்குள் நடந்து வந்தார். பில்டரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சார், இதுல தலையணை இருக்கு, கால்மிதி இருக்கு, ஒரு அஞ்சு ரூபா காசு இருக்கு. வீட்ல துணி எதுல சார் தொவைக்கிறீங்க?"

காசை மட்டும் என் கையில் கொடுத்தார்.

அதற்கப்புறம்தான் பரணிலிருந்து கையேட்டை இறக்கினேன். கரைத்துக் குடித்தேன் என்றே சொல்லலாம். இப்போது எங்கள் குடியிருப்பில் பருத்த சாமான் விஷயத்தில் என்னைவிட விவரம் தெரிந்தவர் யாருமில்லை என்பது என் எண்ணம். அதனால் கீழ்வீட்டுக்காரர், ஜன்னல் சிவந்த அதே மனிதர், "சார், ஹால்ல போடற கம்பளத்த மிஷின்ல போடலாமா?" என்று கேட்டபோது உட்கார வைத்து விளக்கினேன். காய்ந்த எடை, ஈர எடை, டிரம்மின் விட்டம், 380 மடங்கு, அமெரிக்கா, 2016. தாளில் படம்கூடப் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, காபிக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார். சாயங்காலம் மொட்டை மாடியில் அந்தக் கம்பளம் காய்ந்துகொண்டிருந்தது, புதிதாக வாங்கியது போலப் பளிச்சென்று. அவர் மெஷின் ஆறரைக் கிலோதான்.

"கதவு மூடுச்சு சார், போட்டுட்டேன்" என்றார்.