பழைய குட்டி டிராக்டர் வாங்கி உருப்படுவது எப்படி?

முதலில் நிலம் வேண்டும். 2020-இல் கர்நாடகம் நிலச்சீர்திருத்தச் சட்டத்தைத் திருத்தி, விவசாயி அல்லாதவரும் விளைநிலம் வாங்க வழிவிட்டது. ஆகவே லேப்டாப் தட்டும் கையே போதும். பெங்களூர் பக்கம் ஆனேக்கல்லிலோ ஹொசகோட்டையிலோ ஒரு ஏக்கர் செம்மண் பாருங்கள். ஒரு ஏக்கருக்கு எதற்கு டிராக்டர் என்று வீட்டில் கேட்பார்கள். காது கேளாதவர்போல இருந்துவிடுங்கள்.

பெரிய வண்டி வேண்டாம். குட்டி டிராக்டருக்குப் பெங்களூரே பிறந்த வீடு மாதிரி. 1967-இல் இங்கே தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனம் ஜப்பானின் மிட்சுபிஷியோடு கைகோத்துப் பவர் டில்லர் செய்தது. பின்னால் பதினெட்டரை குதிரைசக்தியில் மூன்று சிலிண்டர் டிராக்டரும் வந்தது. தேவனஹள்ளிப் பக்கத்துத் திராட்சைப் பந்தலுக்குள் இடிக்காமல் நுழைய இந்த உடம்புதான் தோது.

வாங்கும்போது எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டு அசடு வழியாதீர்கள். டிராக்டரின் வயது மணிக்கணக்கில். அதைக் காட்டும் மீட்டர் எப்படியும் ஓடாது. கிளட்ச் பெடலைப் பாருங்கள்; ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளத்தால் 'சிங்கிள் ஓனர் சார்' என்பதன் அர்த்தம் விளங்கும். கறுப்புப் புகை என்றால் பெரும்பாலும் ஏர் ஃபில்டர் அடைப்பு, செலவு கொஞ்சம். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது, செலவு உங்கள் போனஸ். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருப்பார். எஞ்சினைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆறின பிறகு பேரம் பேசுங்கள்.

அடுத்தது இரவல். ஊருக்குள் வந்த டிராக்டர் ஊருக்கே சொந்தம். பக்கத்துத் தோட்டத்துக்குப் போன என் வண்டி காலி டேங்கோடு திரும்பியது. டீசல் ஊற்றினேன்; பேட்டரி சாகும்வரை செல்ஃப் அடித்தேன். மரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து, "காளி ஹிட்கொண்டிதே, ஸ்வாமி" என்றார். காளி பிடித்துவிட்டாளா என்று நடுங்கிப் போனேன். கன்னடத்தில் காளி என்றால் காற்று. டீசல் குழாயில் ஏர் புகுந்திருக்கிறது. ஃபில்டர் தலைத் திருகை அவர் லேசாகத் தளர்த்தி, கைப்பம்பை அடித்தார். முதலில் நுரை, பிறகு குமிழி, பிறகு தெளிந்த டீசல் வழிந்தது. அப்போதுதான் திருகை இறுக்கினார். நான் நுரையிலேயே இறுக்கியிருப்பேன்.

உதிரிபாகத்துக்குப் பெங்களூர் ஜே.சி. ரோடு. பழைய பாகத்தைக் கையோடு கொண்டு போங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் கடைக்கொரு சாமான் நீட்டுவார்கள். வண்டியை வருஷத்துக்கு ஒருமுறை ஆயுதபூஜைக்குக் கழுவினால் போதும்.

அரசின் கிருஷி யந்த்ர தாரே மையங்களில் டிராக்டர் வாடகைக்கே கிடைக்கும். வாங்கும் முன் இதை எனக்கும் சொன்னார்கள். நானும் காது கேளாதவர்போல இருந்துவிட்டேன்.

இந்த ஆடியில் ராகி விதைப்புக்கு என் வண்டியைக் கேட்டிருப்பவர்கள் ஆறு பேர். டீசல் நிரப்பித்தான் திருப்புவோம் என்று ஆறு பேரும் சொல்லியிருக்கிறார்கள். ஏழாவது ஆள் நான்.