கடல் காணாதோர் கீறிய கடல்மிருகங்கள்: ஒரு லயன் இஸ்தோப்பிலிருந்து பரிணாமவியல் ஆய்வு

ஆய்வுக்களத்தை முதலில் வரையறுத்துவிடுவது முறை. இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் மேல் டிவிசன். அங்கே ஒரு பழைய லயன், அதாவது தொழிலாளர் வரிசைவீடு. அதில் தொங்கல் வீட்டிலிருந்து மூன்றாவது காம்பராவின் இஸ்தோப்பு, அதாவது முன்திண்ணை. கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேல். மேற்குக் கடலுக்கு நேர்கோட்டில் எண்பது கிலோமீற்றர் சொச்சம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தக் கணக்குச் செல்லாது. ஆய்வுக்காலம் ஆகஸ்ட் விடுமுறையில் நான்கு நாட்கள். நான்கு நாளும் மழை. ஆய்வுக்கு உட்பட்டோர் ஐவர், ஆறு வயது முதல் பதின்மூன்று வரை. ஐவரும் ஆய்வாளனுக்கு அக்கா, தங்கச்சி பிள்ளைகள். ஆகவே பக்கச்சார்பு உண்டு. ஆய்வுநிதி, நாளொன்றுக்கு ஒரு பிஸ்கட் பக்கற்.

விளையாட்டின் பெயர் 'கடல்மிருகம்'. கடையில் இனாமாகக் கிடைத்த போன வருஷத்துக் கலண்டர்தான் அதற்குத் தாள். முன்பக்கம் முருகன், பின்பக்கம் மிருகம். முதலாமவர் தாளின் ஓரத்தில் ஒரு மூதாதையைக் கீறுவார். அடுத்தவர் அதற்கு ஒரு பிள்ளை கீற வேண்டும். பிள்ளை தாயை அப்படியே உரித்து வைத்திருக்க வேண்டும். ஆனால் ஒரே ஒரு மாற்றம் இருந்தாக வேண்டும். கூட்டலாம், கழிக்கலாம், நீட்டலாம், குறுக்கலாம். தான் கீறியதற்குத் தானே பிள்ளை கீறக்கூடாது. இரண்டு சுற்று வந்தும் எவரும் பிள்ளை கொடுக்காத மிருகம் செத்தது. அதன்மேல் ஒரு பெருக்கல் குறி. டார்வின் 1859இல் ஒரு தடித்த புத்தகம் எழுதிச் சொன்னதை இவர்கள் ஒரு கலண்டர் தாளுக்குள் அடக்கியிருக்கிறார்கள். புத்தகத்தை வாசித்தவர் ஐவரில் எவருமில்லை. அறுவரிலும் இல்லை என்பதை நேர்மை கருதிச் சொல்லிவிடுகிறேன்.

முன்னோர் ஆய்வுகளைப் பார்ப்போம். 1925 வாக்கில் பாரிசில் ஆந்த்ரே பிரெத்தோனும் அவருடைய மீமெய்யியல் கூட்டாளிகளும் தாளை மடித்து, முன்னவர் கீறியது பின்னவருக்குத் தெரியாமல் ஓருடலை ஆளுக்கொரு துண்டாகக் கீறி விளையாடினார்கள். நம்மவர்கள் மடிப்பதில்லை. லயன் காம்பராவில் எதையும் ஒளிக்க முடியாது என்பது ஒரு காரணமாயிருக்கலாம். பிரெத்தோனுக்கும் முந்தியவர்கள் நம் கோயில் சிற்பிகள். யானையின் துதிக்கை, முதலையின் வாய், மீனின் உடல், மயிலின் வால் என்று மகரத்தைக் கட்டிய கை நிச்சயம் ஒருவருடைய கையாக இருக்க முடியாது. மச்சத்தில் தொடங்கி ஆமை, பன்றி, நரசிங்கம் என்று போகும் அவதார வரிசையைப் பற்றி நான் பேசப்போவதில்லை. பேசினால் கட்டுரை கலியாண மண்டபப் பேச்சாகிவிடும்.

இத்துறையில் மலையகத்துக்கு உரிமையுள்ள முன்னோடி ஒருவர் உண்டு. ஜெர்மனியின் யேனா நகரத்துப் பேராசிரியர் எர்ன்ஸ்ட் ஹெக்கல். 1881ஆம் ஆண்டு முடிவில் இலங்கைக்கு வந்து, வெலிகமவில் வாடிவீட்டையே ஆய்வுகூடமாக்கிக்கொண்டு, கடலில் வலைபோட்டு அள்ளிய சின்னஞ்சிறு பிராணிகளைக் கீறித் தள்ளினார். 1882இல் மலையேறி நுவரெலியாவுக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கும் 'உலக முடிவு' என்ற மலைவிளிம்புக்கும் போனார். அப்போது ரயில் நாவலப்பிட்டியோடு நின்றுவிட்டது. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பிச் செடிகளைத் தின்றுகொண்டிருந்தது. தேயிலை அப்போதுதான் ஒவ்வொரு மலையாகப் பிடித்துக்கொண்டு வந்தது. கடற்பிராணிகளைக் கீறுவதில் உலகத்திலேயே பெரிய கை, கையில் பென்சிலோடு நம் மலைக்கு வந்திருக்கிறது. நம் பாட்டன்மார் எவரும் அவரைக் கூப்பிட்டு இஸ்தோப்பில் உட்கார வைக்கவில்லை. அது ஒரு வரலாற்று இழப்பு. துரைமார் பக்கம் போகிறவரை லயத்துக்குக் கூப்பிட முடியாது என்பதும் வரலாறுதான்.

பிற்பாடு 1899 முதல் 1904 வரை நூறு சித்திரத் தகடுகளாக அவர் வெளியிட்ட 'இயற்கையின் கலைவடிவங்கள்' நூலிலிருந்து சில படங்களைக் கைத்தொலைபேசியில் பிள்ளைகளுக்குக் காட்டினேன். அவரைக் கட்டிப்போட்ட சைபோனோஃபோர் என்ற பிராணியையும் விளக்கினேன். பார்வைக்கு ஒரே உடம்பு. உண்மையில் அது ஒரு கூட்டம். ஒன்று நீந்தும், ஒன்று தின்னும், ஒன்று கொட்டும், ஒன்று இனம் பெருக்கும். எல்லாம் ஒரே தண்டில் ஒட்டிக்கொண்டு வாழும். பத்து வயதுக்காரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "லயன் மாதிரி, என்ன மாமா? ஒரே கூரை, உள்ள வேற வேற ஆளுங்க" என்றாள். உயிரியலாளர்கள் நூறு வருஷத்துக்கு மேலாக, இதைத் தனி உயிர் என்பதா, குடியிருப்பு என்பதா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். குடியிருப்பு என்று இத்தால் தீர்மானிக்கப்படுகிறது.

ஹெக்கல்மீது ஒரு பழியும் உண்டு. கருக்களை ஒப்பிட்டு அவர் கீறிய படங்களில், கண்ணால் கண்டதைவிட மனதில் கொண்டதே கூடுதலாக இருந்தது என்று அக்காலத்திலேயே சண்டை பிடித்தார்கள். எமது ஐவருக்கு அந்தத் தொல்லை இல்லை. கண்டது என்று ஒன்று இருந்தால்தானே.

கடலைப் பற்றிய அறிவு இவர்களுக்கு எங்கிருந்து வந்தது? இதுவே ஆய்வின் மையக் கேள்வி. பதின்மூன்று வயதுக்காரன் சீசனில் சிவனொளிபாதமலைக்கு ஏறியபோது விடியலில் மேற்கே கடலைப் பார்த்ததாகச் சொல்கிறான். "எப்படியிருந்தது?" என்றேன். "கோடு மாதிரி" என்றான். அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு அவன் மற்ற நால்வர்மேலும் செலுத்தும் அதிகாரம் தாங்க முடியாதது. அடுத்த தகவலாளி என் அம்மா, பிள்ளைகளுக்கு அம்மாயி. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகவிருந்த ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரில் அவருடைய தங்கச்சி குடும்பமும் அடக்கம். வழியனுப்பத் தலைமன்னார் வரை போய் வந்தவர். கடல் எப்படியென்று கேட்டதற்கு, "அழுதுகிட்டு நின்னேன், எங்க பாத்தேன்" என்றார். இத்தரவைப் பயன்படுத்த முடியவில்லை.

மற்றபடி கடல் என்றால் கருவாடு. ஹட்டனுக்கு ரயில் வந்தது 1884இல். அன்றிலிருந்து கடல் சாக்கில் கட்டி மேலே வந்துகொண்டிருக்கிறது. ஆகவே நான்கு தாள்களிலும் மூதாதை ஒன்றே: கட்டாக் கருவாடு. முதுகோடு பிளந்து, தட்டையாக, தலையில்லாமல், வெயிலில் காய்ந்த நிலையில் அது நீந்திக்கொண்டிருக்கும். முதல் தலைமுறையிலேயே ஆறு வயதுக்காரி அதற்குக் கண் வைத்தாள், இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில். சிரித்துவிட்டேன்; மறுபக்கம் குருடா என்று கேட்டுவிட்டேன். பிறகுதான் நாக்குமீன் ஞாபகம் வந்தது. குஞ்சாயிருக்கையில் அதற்குப் பக்கத்துக்கொரு கண். வளர வளர ஒரு கண் தலையைச் சுற்றி நகர்ந்து மறு கண்ணோடு சேர்ந்துகொள்ளும். பிறகு ஆயுள் முழுக்க ஒருபக்கமாய்ப் படுத்தே கிடக்கும். பல லட்சம் வருஷத்து வேலையை அவள் பிஸ்கட் கடித்த கையோடு முடித்தாள். ஆய்வாளன் மன்னிப்புக் கேட்டது பதிவு செய்யப்படுகிறது.

மூன்றாம் தலைமுறையில் கால் முளைத்தது. கோடு பார்த்தவன் ஆட்சேபித்தான்: கடல்மிருகத்துக்குக் கால் எதற்கு? திமிங்கிலத்தின் கதையை எடுத்துவிட்டேன். ரங்கராவ் என்ற இந்தியப் புவியியலாளர் காஷ்மீர்ப் பக்கத்துப் பாறைகளில் சேகரித்து, 1971இல் இண்டோஹையஸ் என்று பெயரிட்ட பிராணி. பூனையளவு, மான் சாயல், நாலு கால். திமிங்கிலங்களுக்கு அது கிட்டிய உறவு என்று 2007இல் துலங்கியது. "அப்ப மலையிலருந்து கடலுக்குப் போனது" என்றான். அந்தக் காலத்தில் அங்கே மலை இல்லை, கடற்கரைதான் என்ற திருத்தத்தை அவன் கேட்கும் நிலையில் இல்லை.

கால் வந்த பிறகு பரிணாமம் ஓட்டமெடுத்தது. நான்காம் தலைமுறையில் முதுகில் ஒரு கூடை. ஐந்தில் இடுப்பைச் சுற்றிப் படங்கு. ஆறில் செதிலெல்லாம் கம்பளி. ஏழில் நெற்றியில் டோர்ச். ஆழ்கடல் தூண்டில்மீனுக்கு நெற்றியில் விளக்கு உண்டு என்று நான் வாய் திறக்குமுன்பே, "ராத்திரி கக்கூசுக்குப் போவணும்ல" என்று காரணம் சொல்லப்பட்டது. பாதி உடம்போடு முடிந்த ஒரு கிளைக்கு 'அரைப்பேர் மீன்' என்று பெயர் வைத்தார்கள். கொழுந்து நிறை குறைந்த நாளில் அம்மாவுக்கு விழுவது அந்த அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் என்பதால் எவரும் விளக்கம் கேட்கவில்லை. அலைகளையும் கவனித்தேன். உயர்ந்து உடைகிற அலை ஒன்றுகூட இல்லை. எல்லாம் கவ்வாத்து வெட்டிய தேயிலைபோல் ஒரே உயரத்தில், வரிசை வரிசையாய். இவர்கள் கடலுக்கும் மட்டம் வைத்திருந்தார்கள்.

இவற்றிலிருந்து ஆய்வாளன் வகுத்த விதி: கீறப்படும் மிருகம் தன் கடலுக்கேற்ப மாறுவதில்லை, கீறுகிறவரின் வானிலைக்கேற்ப மாறும். இதற்குப் பழைய சான்றுகள் உண்டு. ஒக்ஸ்போர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட ஹென்றி பால்ஃபர் 1893இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு படத்தைப் பார்த்து ஒருவர், அவருடையதைப் பார்த்து அடுத்தவர் என்று சங்கிலியாகப் பிரதியெடுக்க வைத்ததில், கிளையில் ஊர்ந்த நத்தை போகப் போகப் பறவையாகிவிட்டது. 1932இல் உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட் காட்டிய சங்கிலியில் ஓர் ஆந்தை, பூனையாகப் போய்ச் சேர்ந்தது. அங்கே எவரும் மாற்ற நினைக்கவில்லை. கை தனக்குப் பழகியதை நோக்கித் தானே நழுவியது. இங்கே மாற்றச் சொல்லியே விட்டிருக்கிறோம். கருவாடு கொழுந்தெடுக்கப் போகாமல் வேறு எங்கே போகும்?

அழிவைப் பற்றியும் ஒரு கண்டுபிடிப்பு. பலமற்றது சாகும் என்பது பாடப்புத்தகம். இங்கே செத்தவை எல்லாம் பலசாலிகள். கோடு பார்த்தவன் அரைமணி நேரம் மினக்கெட்டு நாற்பத்தாறு பல்லோடு ஒரு சுறாவைக் கீறினான். பிரமாதமான சுறா. பிள்ளை கீற ஒருவரும் வரவில்லை. நாற்பத்தாறு பல்லையும் திரும்பக் கீற யாருக்குப் பொறுமை? இரண்டு சுற்று கழிந்து பெருக்கல் குறி விழுந்தபோது அவன் முகத்தைப் பார்த்திருந்தால் டைனோசர்கள் பற்றி எவரும் விளையாட்டாகப் பேசமாட்டார்கள். கீற இலகுவானது பிழைக்கும்; மற்றது போய்ச் சேரும். அவன் அன்றிரவு சோறு தின்னவில்லை. கருவாட்டுக் குழம்பு என்பதால் பிறகு தின்றான்.

நான்காம் நாள் பின்னேரம் பத்தாம் தலைமுறை வந்தபோது தாளில் உயிரோடிருந்தது ஒரே கிளை. கூடை, படங்கு, கம்பளி, டோர்ச், இரண்டு கால், ஒருபக்கத்து இரு கண், சுற்றிலும் மட்டமான கடல். ஆறு வயதுக்காரியின் முறை. அவள் மிருகத்தை ஒரு கோடு பிசகாமல் அப்படியே கீறினாள். சுற்றிக் கடலைக் கீறவில்லை.

கலவரம். மாற்றம் மிருகத்தில் இருக்க வேண்டும், இது கள்ள ஆட்டம் என்றது ஒரு கட்சி. கழிக்கலாம் என்றுதானே விதி, கழித்தாள் என்றது மறு கட்சி. கடலை எடுத்தது ஒரு மாற்றமா, அத்தனை அலையையும் எண்ணிப் பல மாற்றமா என்று பத்து வயதுக்காரி நுட்பமான ஒரு கேள்வி எழுப்பினாள். தீர்ப்புக்கு மாமாவைப் பார்த்தார்கள். மாமா கண்ணாடியைத் துடைத்தார். அடுப்படியிலிருந்து அம்மாயி, பிளேன்டீ ஆறுது என்று இரண்டாம் தடவை கத்தினார்.

அடுத்த முறை எட்டு வயதுக்காரனுடையது. அவன் சண்டையில் சேரவில்லை. தாளைத் தன் பக்கம் இழுத்து, அந்த மிருகத்தைத் திரும்பவும் அப்படியே கீறினான். பிறகு பென்சிலைச் சரித்துப் பிடித்து, தாளின் மேல்நுனியிலிருந்து அடிவரைக்கும் சாய்வாகக் கோடு கோடாக இழுத்துக்கொண்டே போனான்.

"என்னடா பண்ற?"

"மழை" என்றான்.