கவிராயரே, கொஞ்சம் உக்காரும்!

வாரும் மருமவனே. இனிமே ஒம்மை ‘ஏலே’ன்னு கூப்பிடப்படாதாம், கவிராயர்னுதான் கூப்பிடணுமாம். ஒங்க அம்ம உத்தரவு. ஞாயித்துக்கெழம டவுனு நூலக மாடியில நடக்க ‘ஓபன் மைக்’குல எம்மவன் பேரு குடுத்திருக்கான்னு தெருவுக்கே சொல்லிட்டு வாரா. நல்ல காரியம்வே. அந்தக் கூட்டத்துக்கு வாராவாரம் போயி உக்காருத கெழவன் நான். கவிதை எழுதாம அங்க வாரது ரெண்டே பேரு, நானும் வாட்ச்மேனும். அவரு கதவு பூட்ட வாராரு. அதனால அங்கத்த நெளிவு சுளிவு பூராவும் நமக்கு அத்துப்படி. சொல்லுதேன், கேட்டுக்கிடும்.

மொதல்ல, நேரத்துக்குப் போயிரப்படாது. அஞ்சு மணின்னு நோட்டீஸ்ல போட்டிருந்தா அஞ்சே முக்காலுக்குப் போகணும். முந்திப் போனா நாக்காலி எடுத்துப் போடச் சொல்லுவாவ. கவிராயரு நாக்காலி தூக்குனா தமிழ் என்னத்துக்கு ஆகும்? போனதும் அமைப்பாளரு காதுகிட்டப் போயி, “அண்ணாச்சி, ஏழு மணிக்கு பஸ்ஸு, கொஞ்சம் முன்னால விட்டுருங்க”ன்னு சொல்லணும். அந்தக் கூட்டத்துல அத்தன பேருக்கும் ஏழு மணிக்குத்தான் பஸ்ஸு. நூலகத்துக்குப் பின் தெருவுல வீடு இருக்கவனுக்கும் ஏழு மணிக்கு பஸ்ஸு.

பேரக் கூப்பிட்டாச்சா? எந்திரிச்சுப் போயி மைக்க மூணு தட்டு தட்டி, “ஹலோ, கேக்குதா”ன்னு கேக்கணும். ஒமக்கு முன்னால பத்துப் பேரு அதே மைக்குல கத்திட்டுப் போயிருப்பான். இருந்தாலும் தட்டணும். வள்ளுவரு அவையறிதல், அவையஞ்சாமைன்னு ரெண்டு அதிகாரம், இருவது கொறளு எழுதி வச்சிருக்காரு. மைக்கத் தட்டுததப் பத்தி ஒரு வார்த்த இல்ல. அவரு காலத்துல கரண்டு இல்ல, பாவம்.

அந்த மைக்கு ஸ்டாண்டு சங்கதி ஒமக்குத் தெரியாது. நடுவுல ஒரு திருகு இருக்கு, மரை தேஞ்சு போச்சு. நீரு ஒம்ம ஒசரத்துக்குத் தூக்கி வச்சு முறுக்குனா நாலு வரிக்கு நிக்கும். அப்புறம் பைய, யாருக்கும் தெரியாம எறங்கும். கவிராயரும் கூடவே குனிவாரு. அவருக்கும் தெரியாது, கவிதை வேகம். ஒரு தம்பி, யாருக்கும் தல வணங்கமாட்டேன்னு ஒரு வீரக் கவிதைய எடுத்து விட்டாரு. முடிக்கையில முழங்காலத் தொட்டுக்கிட்டு நின்னாரு. அதனால மைக்கக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிடும். பிடிச்சுக்கிட்டு பாக்ஸுக்கு முன்னால மட்டும் போயிராதீரு. மைக்குல போன சத்தம் பாக்ஸு வழியா வந்து திரும்பவும் மைக்குக்குள்ளயே பூந்து ‘கூ’ன்னு கூவும். அந்த மாடியில எல்லாரும் ஒண்ணுபோல போன கீழ வச்சுட்டு நிமிந்து பாக்கது அந்தச் சத்தத்துக்கு மட்டுந்தான்.

கவிதைய நேரா ஆரம்பிச்சிரப்படாது. இத எந்த மழை ராத்திரியில எழுதுனேன், எந்தப் பத்திரிகை இதத் திருப்பி அனுப்புச்சு, எழுதயில நான் சாப்பிட்டிருந்தேனா இல்லையா, எல்லாம் சொல்லணும். மூணு வரி ஹைக்கூவுக்குப் பத்து நிமிசம் பாயிரம். அப்புறம் கவிதையச் சொன்னீருன்னா அது முடிஞ்சதே யாருக்கும் தெரியாது. பாயிரம்தான் இன்னும் ஓடுதுன்னு உக்காந்திருப்பாவ. அதுக்குத்தான் ‘நன்றி’ன்னு உரக்கச் சொல்லுதது. தட்டுதவன் அந்த ஒரு சொல்லுக்குத்தான் தட்டுவான்.

ரேடியோவுல பொங்கக் கவியரங்கம் கேட்டிருப்பீரு. பெரிய ஆளுக ஒரு வரியச் சொல்லி நிப்பாட்டி, கைதட்டு அடங்குனப்புறம் அதே வரிய மறுபடி எடுப்பாவ. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் உருதுக்காரவுக முஷாயிரா நடத்துவாவ. அதுல வரி நல்லா இருந்தா கேக்கவன் ‘முகர்ரர்’ம்பான், இன்னொரு தரம் சொல்லுன்னு அர்த்தம். அங்க அது கேக்கவன் குடுக்க உத்தரவு. நம்ம மாடியில யாரும் கேக்காமலே மூணு தரம் சொல்லுவாவ. மூணாவது தரத்துல பாவம்னு நான் தட்டிருவேன். என் கைதட்டுல பாதி தர்மக் கணக்கு.

வாசிச்சாச்சா? இனிமேத்தான் சூட்சுமம். வந்து நாக்காலியில உக்காந்திரப்படாது. அடிக்காத போனக் காதுல வச்சு, “ஹலோ, ஆமா, வந்துக்கிட்டே இருக்கேன்”னுக்கிட்டு படியிறங்கிரணும். எறங்கயில வாசலண்ட இருக்க தட்டுல வடை இருந்தா ஒண்ணு. அவ்வளவுதான், நீரும் கவிராயரு.

சிரிக்காதலே. அங்க நடக்கதத்தான் சொல்லுதேன். ஒவ்வொருத்தனும் வாசிச்சு வாசிச்சு எறங்கிப் போயி, கடைசி ஆளு மைக்கு முன்னால நிக்கையில கேக்கதுக்கு இருக்கது அமைப்பாளரும் நானும். வாட்ச்மேன் பின்னாலருந்து ஒவ்வொரு ஃபேனா நிப்பாட்டிக்கிட்டு வாராரு.

ஒங்க அம்ம சீட்டுப் பிடிச்சவ, ஒமக்கு அந்தக் கணக்கு தெரியும். இருவது பேரு சேந்து மாசம் ஆளுக்கு ஆயிரம் கெட்டுதாவ. ஒருத்தன் மொத மாசமே எடுத்துக்கிட்டு மறு மாசம் ஆளக் காணும்னா ஊர்ல அவனுக்கு என்ன பேருவே? நீரு வாசிக்கையில பத்தொம்பது பேரு காதக் குடுத்து உக்காந்திருந்தானே, அது அவன் கெட்டுன தவண. நீரு எடுத்தாச்சு. பாக்கி பத்தொம்பது தவண ஒம்ம தலையில இருக்கு. அதையும் கெட்டாம படியிறங்குனா, ஒங்க அம்ம சீட்டெடுத்து ஓடுனவன என்னவெல்லாம் ஏசுனா, ஞாவகம் இருக்கா? ஏலச்சீட்டுலயாவது பொறுத்திருந்து கடைசியா எடுக்கவனுக்குக் கழிவு போகாம முழுசா கெடைக்கும். இங்க கடைசி ஆளுக்குக் கெடைக்கது காலி நாக்காலி. அவன் ரெண்டு வாரம் பாப்பான், மூணாவது வாரம் அவனும் ஏழு மணி பஸ்ஸப் பிடிச்சிருவான். அப்படித்தான்வே ஊருக்கு ஊரு கவிதைக் கூட்டம் ஆரம்பிச்ச வேகத்துல அணைஞ்சு போகுது. எழுத ஆளில்லாம ஒண்ணும் அணையல.

வாராவாரம் கூடுதது நம்ம ஊருக்குப் புதுசும் இல்ல. வண்ணார்பேட்டையில ரசிகமணி டி.கே.சி. வீட்டுல வட்டமா ஒரு தொட்டிக்கட்டு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் அங்க கூடுவாவ. கூட்டத்துக்கே வட்டத்தொட்டின்னு பேரு வந்துட்டு. 1920கள்ல ஆரம்பிச்ச சங்கதி. போனவுக எதுக்குப் போனாவ? கம்பனக் கேக்கப் போனாவ. டி.கே.சி. ஒரு பாட்ட எடுத்தாருன்னா விடமாட்டாரு. பாடுவாரு, நிப்பாட்டுவாரு, அந்தச் சந்தம் காதுல ஏறுத வரைக்கும் திரும்பத் திரும்பப் பாடுவாரு. கல்கி, ராஜாஜின்னு எழுதிப் பேரெடுத்தவுகளே அவரு பாட்டச் சொல்லக் கேக்கதுக்கு ஆசப்பட்டாவ. அந்த மனுசரு வக்கீலுக்குப் படிச்சவரு. பேரெடுத்தது கவிதை எழுதி இல்ல, கவிதைய ரசிச்சு. கவிச்சக்கரவர்த்தி, கவியரசு, கவிப்பேரரசுன்னு எழுதுதவனுக்குத் தமிழ்ல பட்டம் கொட்டிக் கெடக்கு. ரசிக்கவனுக்குன்னு ஊர் குடுத்து நெலச்ச பட்டம் எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான்.

பின்னால குத்தாலத்துக்குக் குடி போனாரு. அங்க அவரு வீட்டு விருந்தப் பத்தி எழுதி வச்சவுக ஏராளம். 1954ல காலமானாரு, அந்த எலையப் பத்தி இன்னும் பேசுதாவ. ஆள உக்கார வைக்கத் தெரிஞ்சவரு. நம்ம அமைப்பாளரு வடைய வாசல்ல, அதுவும் ஆரம்பத்துலயே வச்சிருதாரு. அது நிருவாகக் கோளாறு, நான் சொல்லியாச்சு.

அமெரிக்காவுலயும் இந்தப் பாடு உண்டு. சிகாகோவுல இருக்கானே நம்ம சின்னவன், அவன்தான் சொன்னான். மார்க் ஸ்மித்துன்னு ஒரு கட்டட வேலக்காரரு. கவிதக் கூட்டத்துல சனம் தூங்குததப் பாத்து வெறுத்துப் போயி, 1986ல ‘கிரீன் மில்’லுங்க மதுக்கடையில ஞாயித்துக்கெழம ராத்திரி கவிதைய மல்லுக்கட்டா ஆக்கிட்டாரு. ‘ஸ்லாம்’னு பேரு. கூட்டத்துல இருந்தே அஞ்சு பேரப் பிடிச்சு பத்துக்கு மார்க்கு போடச் சொல்லுதது. ரொம்பக் கூடுனதையும் ரொம்பக் கொறஞ்சதையும் கழிச்சுட்டு மிச்சம் மூணையும் கூட்டுதது. மூணு நிமிசந்தான் பேச்சு, அதுக்கு மேல இழுத்தா மார்க்குல வெட்டு விழும். பாயிரம் பாடுத ஆளெல்லாம் அங்க பொழைக்க முடியாது. பிடிக்கலன்னா வெரலச் சொடுக்குவான், காலால தரையத் தட்டுவான். எனக்குப் பிடிச்சது வேற ஒண்ணு. அந்த மனுசரே மேடையேறி “நான் மார்க் ஸ்மித்”ன்னதும், கடை பூராவும் ஒரே கொரல்ல “அதுக்கென்ன இப்ப?”ன்னு கத்துமாம். ஆரம்பிச்சு வச்ச ஆளுக்கே அந்த மரியாதை! நீரு பேரு ஊரு சொல்லையில பின்னாலருந்து ஒரு கெழட்டுக் கொரல் அப்படிக் கேட்டா, கோவிச்சுக்கிடாதீரு.

போட்டியும் மார்க்கும் நமக்கு வேண்டாம், அது வேற ஊரு வெவகாரம். மூணு நிமிசத்த மட்டும் எடுத்துக்கிடுவோம்.

ஒம்ம நோட்டையும் ஒங்க அம்ம காட்டுனா. ஒரு வரியில ஒரு சொல்லு, அடுத்த வரியில அர சொல்லு, அதுக்கடுத்து புள்ளி. 1959ல சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிக ஆரம்பிச்சு, பிச்சமூர்த்தி மாதிரி ஆளுக புதுக்கவிதைய நெல நாட்டுனப்புறம் தமிழ்க் கவிதை பாதி கண்ணுக்கு மாறிட்டு. மாறட்டும், தப்பில்ல. தாள்ல வரிய மடக்குனா மடக்கு தெரியும். மைக்குல அது தெரியாதுவே. பழைய ஆளுக எதுகை மோனை வச்சது அலங்காரத்துக்கு மட்டுமில்ல. ஏடு ஒண்ணு, காது நூறு; ஒரு தரம் கேட்டாலே ஒட்டிக்கிடணும். புதுக்கவிதை வாசிக்கவனுக்கு அந்தப் பிடிமானம் இல்ல, மூச்ச வச்சுத்தான் வரியக் காட்டணும். அதனால எங்கெங்க நிப்பாட்டணுமோ அங்க பென்சில்ல ஒரு கோடு போட்டு வையும். போனப் பாத்து வாசிக்க வேண்டாம். சரியா உச்சத்துல ஒங்க அம்ம கூப்பிட்டு மாவு வாங்கிட்டு வரச் சொல்லுவா. தாள்ல பெரிய எழுத்தா எழுதிக்கிடும். ரெண்டு நாளு தொழுவுல நின்னு மாட்டுக்கு வாசிச்சுக் காட்டும். அது எறங்கிப் போகாது, கெட்டிப் போட்டிருக்கு.

இன்னொண்ணு சொல்லணும். அந்தக் கூட்டத்துக்கு சத்துணவுக் கூடத்துல வேல பாக்க ஒரு அம்மா வருது. கடைசி வரிச, சுவரோரம். பால் கணக்கு எழுதுத நோட்டுலயே பின்பக்கத்துலருந்து கவிதை எழுதும். என்னைய முந்தி வாசிக்க விடுங்கன்னு கேக்கத் தெரியாது, அதனால பேரு எப்பவும் அடியில கெடக்கும். ஒரு வாரம் முட்டை உரிக்கதப் பத்தி வாசிச்சுது. ஓடு நகத்துக்கு அடியில ஏறி நிக்கதயும், பசியோட வரிசையில நிக்க புள்ளைக அந்தக் கையையே பாத்துக்கிட்டு இருக்கதயும், சாயங்காலம் வீட்டுல சொந்தப் புள்ளைக்குச் சோறு பெசையில அந்த நகம் எரியுததயும் சொல்லிச்சு. பாயிரம் கெடையாது. கொரலு ஒசத்தல. நான் தட்ட மறந்துட்டேன். வாட்ச்மேன் ஃபேன் சுவிச்சுல வச்ச கைய எடுக்கல. அன்னைக்கி நாட்டையே திருத்துத கவிதை வாசிச்ச ஆளுக அத்தன பேரும் அப்ப பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு இருந்திருப்பாவ.

சரி, நீரு ஞாயித்துக்கெழம நாலே முக்காலுக்கெல்லாம் தயாரா நில்லும், நாக்காலி போடணும். பஸ்ஸு கதை வேண்டாம், நான் டி.வி.எஸ். எக்ஸ்.எல். கொண்டாரேன், ரெண்டு பேரும் அதுலயே திரும்பிருவோம். நேத்தே அமைப்பாளர்ட்ட பேசியாச்சு. ஒம்ம பேரு கடைசி, அந்த அம்மாவுக்கு அடுத்து. மொறைக்காதீரு. ஒமக்குன்னு ஒரு வடைய எடுத்து மறைச்சு வைக்கச் சொல்லியிருக்கேன். ஒம்ம மொற வாரதுக்குள்ள எனக்குப் பசிச்சுட்டுன்னா மட்டும் கேள்வி கேக்கப்படாது.