ஒலிநாடா மாற்றியல்: ஐந்து நூற்பாவும் உரையும்

பாயிரம்

பாயிரம் இல்லாதது நூலாகாது என்பது நன்னூலார் விதி. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டும் அதில் வர வேண்டும். நூற்பெயர் மேலே உள்ளது. ஆக்கியோன், வீட்டில் வேறு உருப்படியான வேலை இல்லாதவர் என்று குடும்பத்தாரால் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். வழி, எதிர்வீட்டுக் கல்லூரி மாணவர் காட்டிய வழி. எல்லை, வடக்கே பரண், தெற்கே கட்டிலடி. யாப்பு, டேப் ரெக்கார்டரையும் கணினியையும் பிணைக்கும் இருமுனைப் பின் ஒயர். நுதலிய பொருள், பழைய கேசட்டையும் இசைத்தட்டையும் கணினிக் கோப்பாக்குதல். பயன், பரண் காலியாதல். அது ஆகாது என்பது பின்னர் நிறுவப்படும். கேட்போர் யார் என்பதற்கு மட்டும் இங்கே விடை இல்லை. அது ஐந்தாம் நூற்பாவில் ஆராயப்படும்.

நூற்பா 1: இடம்

பரணில் உறங்கலும் பெட்டியுள் இருத்தலும்
கட்டிலடி கிடத்தலும் காரிடை நைதலும்
எனநால் வகைத்தே நாடா இருக்கை.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், கேசட் கிடைக்கும் இடம் உணர்த்துதல் நுதலிற்று.

பரண் உயர்ந்த இடம் ஆதலின் குறிஞ்சி. பெரும்பொழுது முன்பனி, அதாவது போகிக்கு முந்தைய வாரம். கருப்பொருள் பல்லி, எலிப்புழுக்கை, கொலுப் பொம்மை, கைப்பிடி உடைந்த டூ-இன்-ஒன். உரிப்பொருள் கூடல், தேடுவோனும் தேடப்படுவதும் தும்மலுக்கு நடுவே கூடுவர். ட்ரங்குப் பெட்டி முல்லை. அங்கே கேசட்டுகள் பாச்சை உருண்டையோடு ஆற்றி இருக்கும். கட்டிலடி மருதம், “இந்தக் குப்பையை எப்பங்க தூக்கிப் போடுவீங்க?” என்று ஊடல் நிகழும் களம். காரின் டேஷ்போர்டு பாலை. சித்திரை வெயிலில் ஓடு வளைந்து, நாடா சுருளை விட்டுப் பிரியும்.

நெய்தலைக் கூறாது விட்டது என்னையெனின், அங்கே கேசட் இல்லை, இரங்கல் மட்டுமே உண்டு. போகித் தீயில் போனவையும், பழைய பிளாஸ்டிக்குக்குப் பேரீச்சம்பழம் என்று கூவி வந்தவரிடம் போனவையும் ‘இருக்கை’ என்ற மிகையால் கொள்ளப்படும். உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிப் போன காலத்தில், படிக்க ஆளில்லாத சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட வீடுகள் இருந்தன. நீருக்குப் பதில் நெருப்பு வந்தது ஒன்றே இடைக்காலத்தில் நாம் கண்ட வளர்ச்சி.

நூற்பா 2: கருவி

அரக்கும் வினைலும் நாடாவும் எனவாங்கு
ஒன்றற்கு ஆவது ஒன்றற்கு ஆகாது.

அரக்கு என்றது நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய ரெக்கார்டை. அரக்குப் பூச்சி தந்த பிசினோடு கல்தூளும் கலந்து செய்தது. பத்து அங்குலத் தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடம், மிஞ்சினால் சற்றுக் கூடுதல். பாடகர் எவ்வளவு பெரியவரானாலும் அதற்குள் பல்லவியில் தொடங்கி முடித்து இறங்கிவிட வேண்டும். இதை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாகாது. பாண்டவரின் அரக்கு மாளிகைக்குத் தீ எமன். இந்த அரக்குத் தட்டுக்கு ஆல்கஹால் எமன், கரைத்துவிடும்.

வினைல் என்றது 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் கொண்டுவந்த 33⅓ சுற்று எல்.பி.யையும், அடுத்த ஆண்டே ஆர்.சி.ஏ. போட்டிக்கு இறக்கிய 45 சுற்றுச் சிறுதட்டையும். 78க்கு உரிய ஊசி இவற்றின் ஊசியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு தடிமன். மாற்றிப் போட்டால் ஊசியும் கெடும், தட்டும் கெடும், பாட்டும் கேளாது. மேலும் தட்டில் பாட்டை அப்படியே செதுக்குவதில்லை. தாழ்ந்த சுருதியைக் குறைத்தும் உச்சத்தைக் கூட்டியும் செதுக்குவர். அதைத் திரும்ப நேராக்குவது போனோ பிரீஆம்ப் என்னும் சிறு பெட்டி. இடையில் அது இல்லாமல் கணினியில் செருகியோர், சீர்காழி கோவிந்தராஜனின் வெண்கலக் குரல் கொசுவின் குரலாக வரக் கேட்டனர்.

நாடா என்றது பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட கேசட்டை. அகலம் 3.81 மில்லிமீட்டர், நான்கு மில்லிமீட்டர்கூட இல்லாத இந்த இரும்புத்துரு பூசிய பட்டையில் இருபக்கப் பாட்டும் அடங்கும். இதை ஓட்டும் டேப் ரெக்கார்டரின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்கலாம், துடைக்கவும் வேண்டும். பாட்டு மந்தமாகக் கேட்டால் ஹெட்டின் ஓரத்துத் திருகாணியை மயிரிழை திருப்பினால் உச்சம் தெளியும். கேசட்டின் சக்கரத்துக்குப் பல் ஆறு, பென்சிலுக்குப் பட்டையும் ஆறு. இப்பொருத்தம் ஜாதகப் பொருத்தத்தினும் உறுதியானது என்பது இவ்வாய்வின் துணிபு.

நூற்பா 3: காலம்

ஓடிய காலம் ஓடிய வாறே
ஓடி முடியும், சுருக்கம் இலவே.

நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்பது கேசட்டின் நடை. 60 நிமிடக் கேசட்டில் ஏறத்தாழ 86 மீட்டர் நாடா உண்டு. அது ஒருமுறை போய், திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். கணினி எவ்வளவு வேகமானதாயினும் இந்த நடை மாறாது. கோப்பைக் கோப்பாக நகலெடுக்க நொடிகள் போதும். கேசட்டைக் கோப்பாக்க அது ஒருமுறை பாடியே ஆக வேண்டும். நூறு கேசட் உள்ள வீட்டில் நூறு மணி நேரம். பரண் காலியாகாது என்று பாயிரத்தில் கூறியதன் காரணம் இதுவே.

ஈண்டு ஒரு சாரார், “எல்லாப் பாட்டும்தான் நெட்டில் இருக்கிறதே, எதற்கு இந்தப் பாடு?” என்பர். அவர்க்கு விடை நான்காம் நூற்பாவில்.

இனிக் கோப்பின் அளவு. நொடிக்கு 44,100 முறை, 16 பிட் அளவில் மாதிரி எடுப்பது சிடியின் தரம். ஸ்டீரியோவில் நிமிடத்துக்குப் பத்து எம்பி சொச்சம், மணிக்கு 635 எம்பி. ஒலிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான இயாசா குறைந்தது 48,000 முறை, 24 பிட் என்று பரிந்துரைக்கிறது. 96,000 என்று போனால் மணிக்கு இரண்டு ஜிபியைத் தாண்டும். எம்பி3 ஆக்கினால் 128 கிலோபிட்டில் நிமிடத்துக்கு ஒரு எம்பியே. இங்கேதான் சங்கம் இரண்டாகப் பிளக்கிறது. எம்பி3 பக்கத்தார் போனில் கேட்டால் போதும் என்பர். சுருக்காத வேவ் கோப்பின் பக்கத்தார் நக்கீரர் மரபினர். சிவபெருமானே பாடிக் கொடுத்தாலும் பிட்ரேட்டைக் கேட்பர். இருதரப்புக்கும் சமரசம் எளிது: மூலத்தை வேவ் கோப்பாக வைத்துக்கொள்க, உறவினர்க்கு எம்பி3 அனுப்புக. எம்பி3யிலிருந்து வேவுக்குத் திரும்பினால் கோப்பு பெருக்குமே அன்றி, போன ஒலி வராது.

நூற்பா 4: இரைச்சல்

இரைச்சல் நீக்கின் குரலும் நீங்கும்;
குரலே வேண்டின் இரைச்சலும் வேண்டும்.

இரைச்சல் இருவகைப்படும்: கருவி இரைச்சல், வீட்டு இரைச்சல்.

கருவி இரைச்சலுள் ‘ம்ம்ம்’ என்று முனகுவது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முனகல். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் பெரும்பாலும் அடங்கும். ‘ஸ்ஸ்ஸ்’ என்பது நாடாவின் பிறவிக்குணம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில், யாரும் பேசாத இடத்தை மாதிரியாகக் காட்டினால் அதே இரைச்சலை எங்கும் கழித்துத் தரும். சிறிது கழித்தால் நன்று. ஆசைப்பட்டு முழுவதும் கழித்தவர் வீட்டில் தாத்தா கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறார்.

வீட்டு இரைச்சல் என்றது குக்கர் விசில், காகம், கீரைக்காரர் குரல், தெருமுனையில் திரும்பும் பஸ்ஸின் ஹாரன், “ரெக்கார்டு ஆகுதா?” என்ற கேள்வி ஆகியன. இவை கழிக்கப்படா.

இவ்விடத்தே முற்கூறிய சாரார்க்கு விடை. வேங்கடேச சுப்ரபாதத்தை எம்.எஸ். பாடி எச்.எம்.வி. வெளியிட்டது 1963இல், அது நம் வீட்டுப் பரணை நம்பி இல்லை. ‘திருவிளையாடல்’ கதை வசனம் ஊர்த் திருவிழாவின் கோன் ஸ்பீக்கர்களில் ஒலித்து ஒலித்து, தருமி புலம்பும் காட்சி மாடுகளுக்கும் மனப்பாடம். அதற்கும் அழிவில்லை. ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்து, காலிக் கேசட்டில் ஏற்றி வாங்கிய ‘சோகம், பாகம் 2’ கூட, பாட்டாகப் பார்த்தால் எங்கும் கிடைக்கும். அந்தப் பட்டியலும் அதன் வரிசையும் மட்டுமே கிடையா. கவரைப் போட்டோ எடுத்துக்கொள்வது நலம்.

வேறெங்கும் கிடையாதது வீட்டுப் பதிவு. பிள்ளை மழலையில் சொன்ன பாட்டு, திண்ணையில் தாத்தா சொன்ன குடும்பக் கதை, நலங்குப் பாட்டு, ஒப்பாரி. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, ஊருக்குப் புறப்படுகிறவர் கையில் கொடுத்தனுப்பிய காலம் உண்டு. “அம்மா, நான் இங்கே நல்லா இருக்கேன்” என்று அழுகையை அடக்கிக்கொண்டு சொன்ன பொய்கள் அந்த நாடாக்களில்தான் இருக்கின்றன.

அவற்றுக்கு நேர்ந்த கேட்டையும் பதிவுசெய்தல் உரையாசிரியர் கடன். மேலே பதியாமலிருக்கக் கேசட்டின் முதுகில் உடைக்கத்தக்க இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளை வைத்தார்கள். நம்மவர்கள் அந்த ஓட்டையில் காகிதம் திணித்தும் செலோடேப் ஒட்டியும் மறுபடி பதிந்தார்கள். அதனால் மகன் நலம் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே பாதியில் தபேலா புகுந்து சினிமாப் பாட்டு தொடங்கிவிடும். பனையோலையில் இடைச்செருகல் கண்டுபிடிக்கப் புலவர் வேண்டும். கேசட்டில் அது தானே தெரியும்.

நூற்பா 5: கேட்போர்

மாற்றிய பின்னர்க் கேட்போர் இன்மையின்
மாற்றுங் காலைக் கேட்டல் முறையே.

இந்நூற்பாவே நூலின் உயிர். கோப்பாக்கியபின் நிகழ்வது அனைவரும் அறிந்தது. அது ‘டிராக் 01’ என்ற பெயரில் கணினியில் கிடக்கும். பின் சிடிக்கும், சிடியிலிருந்து பென்டிரைவுக்கும், அங்கிருந்து ஹார்டுடிஸ்குக்கும் குடிபெயரும். ஒவ்வொரு பெயர்ச்சியின்போதும் “இனி நிரந்தரம்” என்று ஒருவர் சொல்வார்; சனிப்பெயர்ச்சிக்கும் இப்படித்தான் சொல்கிறார்கள். கேட்பாரில்லை. பரணில் இருந்தபோதாவது போகிக்குப் போகி கண்ணில் பட்டது. கோப்புக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

ஆயின் மாற்றும் அந்த ஒரு மணி நேரத்தில் கேசட் வாய்விட்டு ஓடுகிறது. ஸ்பீக்கரைத் திறந்து வைத்த வீட்டில் அடுப்படியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்க்கிறார். “இது பெரியத்தை குரலாச்சே” என்கிறார். “இல்லை, அவங்க தங்கச்சி” என்கிறார் இன்னொருவர். வழக்கு முற்றுகிறது, எல்லோரும் உட்காருகிறார்கள். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, கோப்பு தயாரானதும் கேட்டுக்கொள்ளலாம் என்று வேறு வேலை பார்க்கப் போனவர் அதை என்றுமே கேட்பதில்லை. மூன்றாம் நூற்பா குறையாகச் சொன்ன அந்தச் சுருக்கமில்லாத ஒரு மணி நேரமே இம்முயற்சியின் முழு ஊதியம். கோப்பு அதன் உபரி. பாயிரத்தில் விடையின்றி நின்ற கேட்போர் யாரெனின், ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரே.

ஆதலின் கற்றறிந்தோர்க்கு இவ்வாய்வாளரின் விண்ணப்பம் இது. சினிமாப் பாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கவரில் எதுவும் எழுதாத கேசட்டை முதலில் எடுங்கள். ஸ்பீக்கரை அணைக்காதீர்கள். அந்தக் குரல் யாருடையது என்று சொல்லக்கூடிய மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் சொல்லும் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் கோப்பின் பெயராக்கி, இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். டேப் ரெக்கார்டர் பழுதானால் சரிசெய்ய எங்காவது ஒரு மெக்கானிக் இன்னும் கிடைப்பார். பெயர் சொல்லக்கூடிய மூத்தவருக்கு மாற்று உதிரிபாகம் கிடையாது; வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.