கந்தப்பளைக்கு வருவாரா நெருப்பு நாயகன்?

கேள்வி: காமிக்ஸில் நெருப்பைக் கக்கும் இந்திய சூப்பர் ஹீரோ யாராவது உண்டா ஐயா? இங்கே குளிர் தாங்கவில்லை, அனுப்பி வையுங்களேன்!
– ஒரு வாசகி, கந்தப்பளை

பதில்: உண்டம்மா. மார்வலின் எக்ஸ்-மென் கதைகளில் 2000ஆம் ஆண்டு அறிமுகமான நீல் ஷாரா, கல்கத்தாக்காரர். படைத்தவர்கள் கிறிஸ் கிளேர்மான்ட், லெய்னில் யூ. 1975இலேயே கதையில் சாகடிக்கப்பட்ட அமெரிக்கப் பழங்குடி வீரர் தண்டர்பேர்டின் பட்டத்தை இவருக்கு மாட்டிவிட்டார்கள். புதுச்சட்டை தைக்கக்கூட மனமில்லை போலும்!

வெயிலை உடம்பில் வாங்கி, பிளாஸ்மா நெருப்பாக வீசுவார். அதே சக்தியில் பறப்பார். சிக்கலே அந்த வெயில்தான். உங்கள் கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில் மூடுபனி விலகும்வரை, காலையில் ஆள் சேரும் பெரட்டுக்களத்தில் அவரும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வெடவெடக்க வேண்டியதுதான். ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்து காயவைக்கவும் சேர்க்கமாட்டார்கள். தூள் கருகினால் கொழும்பு ஏலத்தில் யார் வாங்குவது? ஜனவரியில் உறைபனி பட்டுக் கொழுந்து கருகும்போது மட்டும், தோட்டத்துத் துரை இவரைத்தான் முதலில் விசாரிப்பார்.