பேயா, புரதமா?

கே: ஆயுசுக்கும் ஒரே ஜோடியோடு வாழும் எலி இருக்கிறதாமே! மாப்பிள்ளை பார்க்கும்போது அதற்கான ஹார்மோனைச் சோதிக்க வழி உண்டா? (பெண்ணைப் பெற்றவர், ஈரோடு)

ப: எலி உண்டு, சோதனை இல்லை. வட அமெரிக்கப் புல்வெளியில் வாழும் பிரெய்ரி வோல் ஜோடி சேர்ந்தால் பெரும்பாலும் பிரியாது. குட்டிகளை அப்பாவும் சேர்ந்து வளர்க்கும். மலையில் இருக்கும் அதன் பங்காளிக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. இரண்டுக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் எங்கே நிறைந்திருக்கின்றன என்பதில்தான் வித்தியாசம். உடனே 'காதல் ஹார்மோன்' என்று பேர் வைத்துக் கொண்டாடினோம். 2023-ல் கலிபோர்னியா விஞ்ஞானிகள் அந்த ஏற்பியே இல்லாத வோல்களை உருவாக்கிப் பார்த்தார்கள். அவையும் ஜோடி சேர்ந்தன! ஆகவே மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்திலேயே விசாரியுங்கள்.

கே: கல்யாண வீட்டில் என்னை யாரும் 'சாப்பிட்டீங்களா' என்று கேட்கவில்லை. இன்னும் வலிக்கிறது. அசட்டுத்தனமா? (வாசகி, கும்பகோணம்)

ப: இல்லவே இல்லை. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்கேனுக்குள் படுத்தவர்களைக் கணினியில் பந்து விளையாட வைத்து, நடுவில் அவர்களுக்குப் பந்து போடுவதை நிறுத்திவிட்டார்கள். உடம்பு வலியின்போது வேலை செய்யும் மூளைப்பகுதி ஒன்று அப்போதும் சுறுசுறுப்பானது. பந்துக்கே அப்படி என்றால், பந்திக்கு வலிக்காதா?

கே: நன்றாகப் படித்துக்கொண்டிருந்த தங்கை திடீரென்று கத்துகிறாள், யாரையும் நம்ப மறுக்கிறாள். பேய்தான் என்கிறார் பெரியம்மா. (அண்ணன், தேனி)

ப: 2009-ல் நியூயார்க்கில் சூசன்னா கஹாலன் என்ற 24 வயதுப் பத்திரிகையாளருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சந்தேகம், பிரமை, பிறகு வலிப்பு. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. நஜ்ஜார் என்ற டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரையச் சொன்னார். 1 முதல் 12 வரை எல்லா எண்களையும் வலது பாதியிலேயே நெருக்கி எழுதியிருந்தார் சூசன்னா. இடது பாதி காலி! இடப்பக்கத்தைக் கவனிக்க வேண்டிய வலது மூளையில் அழற்சி என்று டாக்டருக்குப் புரிந்துவிட்டது. கிருமியைத் தாக்க வேண்டிய எதிர்ப்புப் புரதங்கள், மூளையின் என்எம்டிஏ ஏற்பிகளைத் தாக்கியிருந்தன. ஜோசப் டால்மாவின் குழு 2007-ல்தான் இந்த நோயை அடையாளம் கண்டது. இளம்பெண்கள் பலருக்குச் சினைப்பையில் வளரும் கட்டியே இதைத் தொடங்கி வைக்கிறது. சூசன்னா சிகிச்சையில் தேறி, வேலைக்குத் திரும்பி, புத்தகமும் எழுதினார்.

இது அரிய நோய்; மனநோய் எல்லாம் இதுவல்ல. ஆனால் தங்கைக்குக் காய்ச்சலோ வலிப்போ, வாய் தானாக அசைவதோ இருந்தால் இன்றே நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். பெரியம்மாவைக் கோபிக்காதீர்கள். அவர் கண்ட மாற்றம் நிஜம், காரணம்தான் வேறு.

கே: மகனுக்கு ஸ்கிஸோஃப்ரினியா. வளர்ப்பு சரியில்லை என்று ஊரே என்னைச் சொல்கிறது. (ஒரு தாய்)

ப: அம்மா, ஊர் மட்டுமல்ல, 1950-களில் மனநல டாக்டர்களே பலர் தாயைத்தான் குற்றம் சொன்னார்கள். அந்தக் கொள்கை பொய்த்துப்போய் வெகுகாலமாகிறது. பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அதுவே முழுக்காரணமும் அல்ல. மரபணு ஒன்றேயான இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட, மற்றவர்களில் பாதிப்பேராவது தப்பிவிடுகிறார்கள். உங்கள் மேல் தப்பே இல்லை. மாத்திரை நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பேச்சில் மகனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: அப்படியானால் கோயில், தர்காவுக்குப் போவது தப்பா? (வாசகர், பரமக்குடி)

ப: போங்கள். சங்கிலி மட்டும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6-ல் தர்கா இருக்கும் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது. வேண்டுதலோடு மருத்துவமும் நடக்கட்டும். எங்கே போவது என்று தெரியவில்லையா? 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசின் டெலி-மானஸ் சேவை அது, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.